அத்தை வடிகட்டிய தண்ணீர்

1

எங்கள் வீட்டுக் கெட்டில் நேற்றுக் காலையில் கண்ணை மூடியது. வயது பதினேழு. நான் அபர்டீனில் வந்து இறங்கிய அன்று, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, குளிருக்குப் பயந்து ஓடிப்போய் வாங்கியது. ஆக, நான் ஸ்காட்லாந்துக்கு வந்த ஆண்டு நிறைவும் கெட்டிலின் மறைவும் ஒரே நாளில் அமைந்துவிட்டன.

"ஏனுங்க, உள்ள உப்புக் கட்டியிருக்குமோ?" என்றாள் என் மனைவி கவிதா. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டுதான் கேட்டாள். மகள் யாழினி சிரிப்பை அடக்க ரொட்டித் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே வாங்கிய நாள் போலவே பளபளவென்று இருந்தது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் அப்படி. நம் கோயம்புத்தூர்ச் சிறுவாணித் தண்ணீருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். சோப்பை ஒருமுறை தேய்த்தால் நுரையைக் கழுவ அரை நாள் ஆகும். கெட்டில் உள்ளே கம்பி எரிந்து போயிருக்கிறது. உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உப்பே படியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, உப்புப் படியாமல் தடுப்பது எப்படி என்று ஆராய்ந்து பிழைக்கிறவன் நான். ஆனால் கவிதாவின் கேள்வியில் இருந்த ஊசி அதற்கானது அல்ல. போன தை மாதம் துடியலூரில், அவள் தம்பியின் பாய்லர் முன்னால் நான் நின்ற நிலைக்கானது. அதை எழுதிவிட்டால் குத்தல் குறையும் என்று ஒரு நம்பிக்கை. குறையாவிட்டாலும் உங்களுக்குப் பொழுது போகும்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசும்போது எங்கள் அப்பா "பையன் எண்ணெய்க் கம்பெனி சம்பந்தப்பட்ட வேலை" என்றார். பெண் வீட்டார் காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் ஆலை என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்து விசா வந்த பிறகுதான் அது வேறு எண்ணெய் என்பது தெரிந்தது. அப்போதும் மாமியார் கோபப்படவில்லை. "எந்த எண்ணெயா இருந்தா என்னங்க, கெடாம இருந்தாச் சரி" என்று விட்டுவிட்டார்.

வடகடலுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கும்போது கூடவே தண்ணீரும் வரும். பூமிக்குள் கணக்கில்லாத காலம் உப்பில் ஊறிய தண்ணீர். அதோடு ஒப்பிட்டால் நம் ஊர் போர்வெல் தண்ணீரெல்லாம் இளநீர். சூடும் அழுத்தமும் மாறுகிற இடத்தில் அதிலுள்ள சுண்ணாம்பும் பேரியமும் குழாயின் உட்சுவரில் கல்லாகப் படிந்துவிடும். குழாய் அடைத்தால் எண்ணெய் வராது. எண்ணெய் வராவிட்டால் பெரிய பெரிய மனிதர்கள் போன் செய்வார்கள். அதனால் தண்ணீரில் முன்கூட்டியே துளித்துளியாக ஒரு மருந்து விடுவார்கள். அந்த மருந்து எந்தத் தண்ணீரில் எவ்வளவு போதும் என்று சோதித்துச் சொல்வது என் வேலை.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் நான் கல்யாண மண்டபத்துக்குத்தான் போவேன். முதல் பந்திக்குக் கதவு திறக்கிற நேரம். வாசலில் ஐந்நூறு பேர். ஒரு பெரியப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "இருங்க, இருங்க, இன்னும் எலை போடலீங்க" என்று நிற்பார். அவரைத் தாண்டி ஒரே ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் போதும், பின்னாலேயே வரிசை நிறைந்துவிடும். உப்பும் அப்படித்தான். முதல் துகளுக்கு உட்கார இடம் கிடைத்தால் மற்றதெல்லாம் அதன் மேல் வந்து உட்காரும். மருந்துதான் அந்தப் பெரியப்பா. ஐந்நூறு பேருக்கு அவர் ஒருவர் போதும், நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்.

நிற்க விட வேண்டுமே. தண்ணீரில் இரும்பு கரைந்திருந்தால் அது வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறது. "ஏனுங் பெரியப்பா, நம்மள அடையாளந் தெரியுதுங்களா?" என்று மண்டபத்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வாசல் காலி. எல்லா உலோகமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். துத்தநாகம் நல்ல பங்காளி, பெரியப்பாவின் பக்கத்தில் தானும் நின்று கதவைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் அளவோடு இருந்தால் அவருக்கு ஒத்தாசை. அளவு மீறினால் பாசம் பொங்கி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாகக் கீழே விழுந்துவிடுவார்கள். ஆனால் இரும்பு மாதிரிக் காரியத்தைக் கெடுக்கிற உறவு வேறில்லை.

நான் டாக்டர் பட்டம் வாங்கியது இந்த இரும்பில்தான். கரைந்த இரும்பு மருந்தை எப்படிக் கெடுக்கிறது என்ற அந்த ஒரு விஷயத்தை மட்டும் ஐந்து வருடம் பார்த்தேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க வசதியாக இருக்கும்.

3

கவிதாவின் தம்பி செந்தில் துடியலூரில் வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு இஸ்திரி யூனிட் வைத்திருக்கிறான். சென்னிமலையில் நெய்த பெட்ஷீட்டுகள் வண்டியில் வந்து இறங்கும். நீராவி இஸ்திரி போட்டு, மடித்து, அட்டை வைத்து, பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். நீராவிக்கு ஒரு சின்ன பாய்லர். அதற்கு லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்கும் கொட்டகைக்கும் பொதுவாக ஒரு போர் இருக்கிறது. அந்தத் தண்ணீரை விட்டால் பாய்லருக்குள் உப்புக் கட்டிக்கொள்ளும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் கூப்பிட்டான்.

"மாமா, லாரிக்காரன் பொறத்தாலயே சுத்தறது ஒரு சோலியாப் போச்சுங்க. நீங்க உப்புலயே டாக்டருங்களே. போர் தண்ணியவே விடறாப்புல ஏதாச்சும் மருந்து சொல்லுங்க."

அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அதுவரை சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அங்கெல்லாம் குளிருங்களா?" என்பதுதான். என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. குரலைக் கனமாக்கிக்கொண்டு, "முதல்ல சோதிச்சுப் பாக்க மாதிரித் தண்ணி ஒரு பாட்டில் அனுப்பு" என்றேன். உடனே அனுப்பினான். கவிதாவின் சித்தி மகள் கொண்டுவந்த பெட்டியில், முறுக்குக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில், துண்டில் சுற்றி, ஒரு லிட்டர் பாட்டில். விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்து, எதற்காகத் தண்ணீரைச் சுமந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க மாமா இதுல ஆராய்ச்சி பண்றாருங்க" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்களாம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு ஊர்ப் பெருமையில் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

எங்கள் சோதனைக்கூடத்தின் தலைவி மொய்ரா. நல்ல பெண்மணி. ஒரே ஒரு பலவீனம், படிவம். அவரிடம் படிவம் நிரப்பாமல் மூச்சுக்கூட விட முடியாது. எந்தத் தண்ணீர் வந்தாலும் எழுத வேண்டும்: எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எந்தப் பாத்திரத்தில் எடுத்தது, எடுத்த முறை, பாதுகாத்த முறை. நான் ஊர்ப் பெயரை எழுதினேன். யார் என்ற இடத்தில் "குடும்பம்" என்று எழுதினேன். மற்ற கட்டங்களில் சின்னச் சின்னக் கோடு போட்டேன்.

"இதெல்லாம் காலியாக இருக்கிறதே?" என்றார் மொய்ரா.

"எஸ்ங்க. ஃபேமிலி தண்ணிதான், ஓகேங்க" என்றேன். பதற்றம் வந்தால் என் ஆங்கிலத்துக்குள் 'ங்க' வந்துவிடும். பதினேழு வருடமாக எந்த மருந்தும் அதைத் தடுக்கவில்லை. மொய்ரா பெருமூச்சு விட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி என்ற பெயரில், மதிய உணவு நேரத்தில் சோதனை செய்துகொள்ள அனுமதித்தார்.

முடிவைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். இவ்வளவு அடக்க ஒடுக்கமான தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. கண்ணில் காட்டினாற்போல் மருந்து விட்டதற்கே, ஒரு நாள் முழுக்கச் சூட்டில் ஓடிய பிறகும் குழாயில் தூசி படியவில்லை.

"நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது" என்றார் மொய்ரா. அவர் ஊரில் அது பாராட்டு அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. "இரும்பு இருக்கிறதா பார்த்தாயா?"

பார்த்திருந்தேன். துளிகூட இல்லை. வேடிக்கையாகத் துத்தநாகம் மட்டும் கொஞ்சம் இருந்தது. அது எங்கள் ஊர்ப் பாறையிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதிவைத்தேன். பாறையைக் காரணம் சொல்வதில் ஒரு சௌகரியம், அது எதிர்த்துப் பேசாது.

செந்திலுக்கு மருந்தின் பெயரையும் அளவையும் அனுப்பினேன். அவன் லாரியை நிறுத்தினான்.

4

போன தை மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். யாழினிக்குத் தமிழ் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. ஆகவே மரியாதை மட்டும் கொஞ்சம் எச்சாகவே வந்திருக்கிறது. எதிர்வீட்டு நாயைப் பார்த்து, "இங்க வாங்க, உக்காருங்க" என்றாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நாய் உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை, அதாவது என் மாமியார், எனக்கு மூன்றாவது முறையாக இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது, கொட்டகையில் இஸ்திரிப் பெட்டிகளின் 'புஸ்' சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. செந்தில் வாசற்படியில் வந்து நின்றான்.

"மாமா, சித்த வாரீங்களா."

பாய்லரில் நீராவியே ஏறவில்லை. உக்கடத்திலிருந்து அப்பாஸ் பாய் வந்திருந்தார். துடியலூரிலிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரை பாய்லர் எங்கே முனகினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும், ஆனால் கையில் வேலை இருக்கிறவரின் நிம்மதி முகத்தில் இருந்தது. சுருள் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில்கூட நுழையவில்லை. உட்புறமெல்லாம் கல். அதுவும் வெள்ளைக் கல் அல்ல, கடலை மிட்டாய் நிறத்தில்.

"எந்தப் புண்ணியவானுங்க மருந்து சொன்னது?" என்று கேட்டார் பாய்.

கொட்டகையில் இருந்த பதினொரு பேரும் வேறு வேறு திசைகளைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க" என்றேன்.

"அப்படிங்களா. என்ன படிச்சிருக்கறீங்க?"

சொன்னேன். குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

செந்தில் என்னைத் தனியே கூட்டிப்போனான். கொங்கு நாட்டில் ஒருவருக்கு எவ்வளவு கோபம் என்பதை அவர் வாக்கியத்தில் போடும் 'ங்க'வை எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

"மாமா, உங்களை நான் ஒண்ணுமே சொல்லலீங்க. சொல்றதுக்கு நான் யாருங்க. நீங்க டாக்டருங்க. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்டெய்னர் கெளம்புதுங்க. இந்தப் பார்ட்டி சரக்குத்தாங்க நம்ம யூனிட்ல பாதி வேலை. போகலீன்னா அடுத்த சரக்கப் பெருந்துறை யூனிட்டுக்கு மாத்திப்போடுவாங்க. அந்தப் பதினோரு பேத்துக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

ஒரே மூச்சில் இத்தனை 'ங்க'வை நான் என் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

"லாரித் தண்ணி?"

"நீங்க சொல்லித்தானுங்களே நிறுத்தினேன். இப்பக் கேட்டா அடுத்த வாரந்தான் முறைங்கறானுங்க."

5

கொட்டகை ஓரத்தில் நின்று யோசிக்கிற மாதிரி நின்றேன். உண்மையில் யோசனை எதுவும் வரவில்லை. வேலை நின்றுபோனதால் டீ வந்திருந்தது. குடித்து முடித்த ஒரு பெண், தம்ளரின் அடியில் இருந்த மிச்ச டீயோடு போர் குழாயைத் திறந்து கழுவினார். தம்ளருக்குள் இருந்தது கறுப்பாக மாறியது. பேனா மை மாதிரிக் கறுப்பு.

"அதென்னங்க அம்மணி, கறுக்குது?"

"இந்தத் தண்ணி அப்படித்தானுங்க. இதுல டீ போட்டாக் குடிக்க முடியாதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியும். தேயிலைச் சாயமும் கரைந்த இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்று என் ஆய்வேட்டின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த இரும்பு, ஐந்து வருடம் கூடவே குடியிருந்த இரும்பு, என் மாமியார் வீட்டுப் போரிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அபர்டீனுக்கு வந்த பாட்டிலில் துளிகூட இல்லாமல் எங்கே போனது?

வீட்டுக்குள் ஓடினேன். "அத்தை, போர் தண்ணி ஒரு பாட்டில் வேணுமுங்க. அன்னைக்கு எனக்கு அனுப்பினது மாதிரி."

"இருங்க மாப்பிள்ளை, அதே மாதிரி சுத்தமாப் புடிச்சுத் தாரேன்" என்று அத்தை எழுந்தார். "ஆனா நாளைக்குக் காத்தாலதான் ஆகுமுங்க."

"தண்ணி புடிக்க நாளைக்குங்களா?"

அத்தை பித்தளைக் குடத்தை எடுத்தார். புளியைக் கரைத்து, உள்ளேயும் வெளியேயும் பொன்னாக மின்னும்வரை துலக்கினார். போரைப் போட்டு நிரப்பினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பாஸ் பாய் ஸ்பேனர் கழுவ வந்தவர், குழாயடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"புடிச்ச ஒடனே பாத்தாப் பளிச்சுன்னுதாங்க இருக்கும். சித்த நேரத்துல மஞ்சளாயிரும். விடியறதுக்குள்ள செம்மண்ணாட்ட அடியில தங்கிரும். அலுங்காம மேந்தண்ணிய எடுத்து, இந்த வேட்டித் துணியில வடிகட்டித்தான் பாட்டில்ல ஊத்தினனுங்க." துணியை எடுத்து உதறிக் காட்டினார். கஞ்சி போட்டு மடித்து வைத்த சலவை வேட்டி. "செந்திலு அப்படியே கொழாயில புடிச்சு அனுப்பப் பாத்தான். நாந்தான் வைதுபோட்டேன். அத்தன தூரம் போற தண்ணி. அதுவும் மாப்பிள்ளை வேலை செய்யற எடத்துக்கு. நாலு பேரு பாப்பாங்க. செம்பழுப்பு மெதக்கற தண்ணியக் குடுத்தனுப்பினா உங்களுக்குத்தானுங்க மரியாதைக் கொறச்சல்."

நான் குடத்தைப் பார்த்தேன். தண்ணீர் காற்றுப் பட்டு ஓர் இரவு நின்றதில் இரும்பெல்லாம் துருவாகி அடியில் தங்கியிருக்கிறது. மிச்சம் இருந்ததை வேட்டி பிடித்துக்கொண்டது. புளி போட்டுத் துலக்கிய பித்தளையிலிருந்து துத்தநாகம் கொஞ்சம் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. பெரியப்பாவை இழுத்துப் போகிற ஆளை வாசலிலேயே தடுத்து, பக்கத்தில் நிற்க ஒரு பங்காளியையும் ஏற்பாடு செய்து அனுப்பியிருக்கிறார் என் மாமியார். அப்புறம் பந்தி ஒழுங்காக நடக்காமல் என்ன செய்யும்? நான் பாறை என்று எழுதியது இந்தக் குடத்தை.

அப்பாஸ் பாய் என்னைப் பார்த்தார். நான் அப்பாஸ் பாயைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரை இன்னொரு முறை கழுவினார்.

6

செந்தில் வந்தான். "ஏனுங்க மாமா, காரணம் ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? அங்க பாசான மருந்து இங்க ஏனுங்க பெயிலாச்சு?"

அத்தை கையில் வேட்டியோடு பக்கத்திலேயே நிற்கிறார். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் பட்டம் தப்பும், என் மருந்து தப்பும், பதினொரு பேர் முன்னால் போன மானம் திரும்பி வரும். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. உட்கார விட்டால் பின்னாலேயே வரிசை நிறையும்: "அன்னைக்கே நாஞ் சொன்னனே" என்று செந்தில், "உங்களை யாரு வடிகட்டச் சொன்னாங்கம்மா" என்று கவிதா. அத்தை உள்ளே போய், அந்த வேட்டியை இனி எடுக்கவே முடியாத இடத்தில் வைத்துவிடுவார்.

அதோடு, நியாயமும் அத்தை பக்கம்தான் இருந்தது. எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தை இதே போலப் பெருமையாக விவரித்திருப்பார். கேட்பதற்கென்றே கட்டம் போட்டு ஒரு பெண்மணி படிவம் வைத்திருந்தார். அதில் கோடு போட்டவன் நான்.

"எம்மேலதான் தப்பு செந்திலு" என்றேன். "இரும்பு பாக்காம உட்டுட்டேன்."

"நீங்க இரும்புலதானுங்களே டாக்டரு?"

"ஆமா. அதனாலதான் கண்ணுல படல."

"அடப் போங் மாமா" என்றான். 'போங்க' என்பது 'போங்' ஆகி, 'ங்க' பாதியாகக் குறைந்ததைக் கவனித்தேன். மன்னிப்புக்கு வழி திறந்துவிட்டது.

அதற்குள் அப்பாஸ் பாய் தொண்டையைச் செருமினார். "சரிங்க டாக்டரே, அம்மா கொடத்துல பண்றத நாம டேங்க்ல பண்ணுனா என்னங்க?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. நினைக்கவில்லை. வேட்டியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சொன்ன மாத்திரத்தில் எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நான் சோதித்த மாதிரி போர் தண்ணீரைப் போல இல்லை என்றால், போர் தண்ணீரை அந்த மாதிரியைப் போல ஆக்கிவிட வேண்டியதுதான். என் தொழிலில் இப்படி யாரும் செய்ததாக நான் படித்ததில்லை. வேறு யாருக்கும் மாதிரித் தண்ணீரை மாமியார் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்.

புதன்கிழமை பாய் சுருள் குழாயை ஆசிட் விட்டுக் கழுவினார். மொட்டை மாடியில் சும்மா கிடந்த இரண்டு பிளாஸ்டிக் டேங்குகளை இறக்கினோம். போர் குழாயின் முனையில் சல்லடையாக ஓட்டை போட்டு, தண்ணீர் மழை மாதிரி காற்றில் விழுந்து முதல் டேங்கில் சேரும்படி செய்தோம். அங்கே தெளிந்த மேல்தண்ணீர் இரண்டாவது டேங்குக்குப் போகிற வழியில் ஒரு துணிப்பை. பைக்கு, நெசவில் இழை விட்டுப்போன ஒரு சென்னிமலை பெட்ஷீட். அத்தை அதை மூன்று மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார். மேற்பார்வையும் அவரே.

"அலுங்காம எடுக்கோணும், கலக்கிப்போடாதீங்க" என்று பாயிடம் சொன்னார்.

"நீங்க சொல்லீட்டீங்கல்லங்க, அப்பீலே கெடையாதுங்கம்மா" என்றார் பாய்.

டேங்க் தெளிகிற வரை வேலை நிற்கக் கூடாதே. அக்கம்பக்கத்திலிருந்து கரண்ட் இஸ்திரிப் பெட்டிகள் வந்தன. நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது பெட்ஷீட்டிலேயே ஒரு பழுப்பு முக்கோணம் போட்டேன். மேஸ்திரி அம்மா வந்து, "நீங்க மடிங்க போதுங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். மடித்ததும் சரியில்லை. கடைசியில் அட்டை எண்ணிக் கொடுக்கும் பதவி எனக்கு நிலைத்தது. யாழினி பக்கத்து மேசையில் கச்சிதமாக மடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க ஆபீஸ்லயும் இப்படித்தானாங்க?" என்று கேட்டாள். அபர்டீனில் என் அறைப் பக்கமே வராத பெண், அன்று முழுக்க என் கூடவே இருந்தாள். அவளுக்கு நான் தோற்பதைப் பார்ப்பதில் இருந்த ஆர்வத்துக்கு அளவில்லை. அதற்காக இன்னும் இரண்டு பெட்ஷீட்டைக்கூடத் தீய்க்கலாம் என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை முதல் டேங்கின் அடியில் விரற்கடை உயரத்துக்குச் செம்மண் தங்கியிருந்தது. இரண்டாவது டேங்கில் இருந்தது எனக்குப் பழக்கமான தண்ணீர், அதே கண்ணாடி. ஒரு தம்ளரில் பிடித்து டீ டிகாஷனை ஊற்றினேன். கறுக்கவில்லை. பழைய அளவில் மருந்தை விட்டோம். துத்தநாகத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் யோசித்தேன். பாய் பழைய பித்தளை வால்வு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து டேங்குக்குள் போடலாமா என்று கேட்டார். கிண்டலா யோசனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேண்டாம், இரும்பு போனதே போதும் என்றேன். பாய்லரில் நீராவி ஏறி, கொட்டகையில் 'புஸ்' சத்தம் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியது. கடைசிப் பெட்டியை ஏற்றியபோது செந்தில் என் தோளில் கை போட்டான். "மாமா, இனி மருந்து சொன்னாக் கூடவே வந்து நின்னு சொல்லுங்க" என்றான். 'ங்க' ஒன்றே ஒன்று. மனது லேசாகிவிட்டது.

7

திரும்பி வந்த பிறகு வாரம் ஒருமுறை செந்தில் படம் அனுப்புகிறான். பாய்லர் நன்றாக ஓடுகிறது. அப்பாஸ் பாய் வேறு மூன்று யூனிட்டுகளில் அதே மாதிரி இரட்டை டேங்க் போட்டுக் கொடுத்துவிட்டாராம். அதற்கு 'மாமியார் டேங்க்' என்று பெயர் வைத்திருக்கிறார். யார் மாமியார் என்று கேட்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. அத்தை, தம் மாப்பிள்ளை வெளிநாட்டில் கண்டுபிடித்த டேங்க் அது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. செந்திலு, நீ இதைப் படித்தால் ஐந்தாம் பகுதியிலிருந்து கடைசி வரை கிழித்து எடுத்துவிட்டு அம்மாவிடம் கொடு.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பிய அன்று, காரில் ஏறப் போகும்போது அத்தை ஒரு பாட்டிலை நீட்டினார். துண்டில் சுற்றியிருந்தது.

"மறுக்காப் பாக்கோணும்னீங்களே மாப்பிள்ளை. இந்தத் தடவை ரெண்டு தடவை வடிகட்டிப்போட்டனுங்க."

வாங்கிக்கொண்டேன். சோதனைக்கூடத்துக்கும் எடுத்துப் போனேன். மொய்ரா படிவத்தை நீட்டினார். நான் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். பாத்திரம்: பித்தளைக் குடம், புளிக்கரைசலால் உள்ளும் புறமும் துலக்கப்பட்டது. எடுத்த முறை: காற்றுப் பட ஓர் இரவு தெளியவைத்து, மேல்நீரை மட்டும் அலுங்காமல் எடுத்து, கஞ்சி போட்டுச் சலவை செய்த பருத்தி வேட்டியில் இருமுறை வடிகட்டியது. பாதுகாத்த முறை: துண்டு.

மொய்ரா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை படித்தார்.

"வடிகட்ட வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு மாமியார் இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

"இன்வர்னெஸ்ஸில்."

"அவர் செய்யும் சூப்பில் உப்பு அதிகம் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?"

மொய்ரா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

யார் எடுத்தது என்ற கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. அத்தையின் முழுப் பெயரையும், கீழே ஊர்ப் பெயரையும் எழுதினேன். இந்தப் பதினேழு வருடத்தில், அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்திலும் நான் கோடு போடாதது அன்றுதான்.